பொஸ்னியா: வாக்குப்பெட்டியும் வெளியாரின் நாட்காட்டியும்

போர் ஓய்ந்த ஒரு நாட்டில் தேர்தல் நடைபெற்றது என்ற செய்தி, பத்திரிகைக் காரியாலயத்துக்கு எப்போதும் நல்ல செய்தியாகவே வந்து சேர்கிறது. வெயிலில் நீண்டு நிற்கும் வரிசை, மை பூசிய விரல், பேரனின் தோளைப் பற்றியபடி வாக்களிக்க வரும் மூதாட்டி, மறுநாள் நட்சத்திர விடுதியொன்றில் திருப்தி தெரிவிக்கும் வெளிநாட்டு அவதானிகள். நாட்டின் பெயரை மாத்திரம் மாற்றினால் போதும், செய்தி ஒன்றுதான். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில், 'சுதந்திரமானதும் நீதியானதுமான தேர்தல்' என்ற சொற்றொடரை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. எழுதி எழுதியே அச்சொற்றொடரின் மீது எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. அந்த ஐயத்துக்குத் தெளிவான உருவத்தைத் தந்த நாடு பொஸ்னியா.

இன்று ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் பற்றி எழுதப்படும் அளவுக்குப் பொஸ்னியாவைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆனால், இனங்களாகப் பிளவுண்ட நாடொன்றில் வெளியார் பொறுப்பேற்று நடத்தும் தேர்தல் என்னவாகும் என்பதை அறிய விரும்புபவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் அந்தச் சிறிய நாட்டில்தான் இருக்கிறது. அங்கு தேவையான எல்லாமே இருந்தன. பணம் இருந்தது. நேட்டோவின் 60,000 துருப்புகள் இருந்தன. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒருமித்து நின்றன. அவ்வளவும் இருந்தும் நடந்தது என்ன என்பதே கேள்வி.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1991 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பொஸ்னியாவில் முஸ்லிம்கள் 43.5 சதவீதம், சேர்பியர்கள் 31.2 சதவீதம், குரோஷியர்கள் 17.4 சதவீதம். எந்த இனத்துக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது. 1990 நவம்பரில் நடைபெற்ற முதலாவது பலகட்சித் தேர்தலிலேயே மூன்று இனங்களும் தத்தம் இனக் கட்சிகளுக்கு வாக்களித்தன. தேர்தல் முடிவைப் பார்த்தவர்கள் அது இன்னுமொரு குடிசன மதிப்பீடு என்றார்கள். ஆகவே, இனவாரியாக வாக்களிக்கும் வழக்கத்தை வெளியார்தான் கொண்டுவந்து புகுத்தினார்கள் என்று கூறுவது நியாயமாகாது. அந்த விதை உள்ளூரிலேயே முளைத்தது.

ஆனால் வெளியார் நீர் வார்த்தார்கள். யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த வேளையில், ஐரோப்பிய சமூகம் அமைத்த பதின்டர் ஆணைக்குழு 1992 ஜனவரியில் பொஸ்னியாவின் சுதந்திரக் கோரிக்கையை ஆராய்ந்தது. மக்களின் விருப்பம் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்றும், சர்வஜன வாக்கெடுப்பின் மூலம் அதை நிரூபிக்கலாம் என்றும் கூறியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பெப்ரவரி 29 ஆம், மார்ச் 1 ஆம் திகதிகளில் வாக்கெடுப்பு நடந்தது. சேர்பியர்களில் மிகப் பெரும்பாலானோர் அதைப் பகிஷ்கரித்தனர். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் சுதந்திரத்துக்கு ஆம் என்றனர். எண்ணிக்கையில் அது மாபெரும் வெற்றி. ஏப்ரலில் யுத்தம் மூண்டது. மூன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மடிந்தார்கள். யுத்தத்துக்கு அந்த வாக்கெடுப்புத்தான் காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆயுதங்கள் அதற்கு முன்னரே விநியோகிக்கப்பட்டுவிட்டன. ஆனால், மூன்றில் ஒரு பங்கினர் எழுந்து வெளியேறிய சபையில் ஏகமனதான தீர்மானம் நிறைவேற்றுவதால் பிணக்குத் தீராது என்பதை ஐரோப்பா அப்போதே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

1995 நவம்பர் 21 இல் அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் சமாதான உடன்படிக்கை எட்டப்பட்டு, டிசம்பர் 14 இல் பாரிஸில் கைச்சாத்தானது. நாட்டின் அரசியல் யாப்பே அந்த உடன்படிக்கையின் 4 ஆவது இணைப்பாக, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அந்த யாப்பை மக்கள் முன் வைத்து எவரும் வாக்குக் கேட்கவில்லை. 3 ஆவது இணைப்பு தேர்தல் பற்றியது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து ஆறு மாதங்களுக்குப் பின்னரும் ஒன்பது மாதங்களுக்குள்ளும் தேர்தல் நடத்தப்பட வேண்டும். ஐரோப்பிய பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு அதை மேற்பார்வை செய்யும். நிலைமை தேர்தலுக்கு ஏற்றதா என்று சான்றுரைப்பதும் அந்த அமைப்பே.

ஏன் ஒன்பது மாதம்? நாட்டு மக்களில் அரைவாசிப்பேர், அதாவது 20 இலட்சத்துக்கும் அதிகமானோர், வீடிழந்து அகதிகளாகச் சிதறிக் கிடந்தனர். அவர்கள் ஒன்பது மாதத்தில் வீடு திரும்பிவிடுவார்கள் என்று எவரும் நம்பவில்லை. காரணம் வேறிடத்தில் இருந்தது. அமெரிக்கத் துருப்புகள் ஏறத்தாழ ஓராண்டுதான் அங்கு தங்கியிருக்கும் என்று ஜனாதிபதி கிளின்டன் தம் மக்களுக்கு வாக்குறுதி அளித்திருந்தார். 1996 நவம்பரில் அவருக்கே ஒரு தேர்தல் காத்திருந்தது. பொஸ்னியத் தேர்தல் எந்தத் திகதியில் நடந்தது தெரியுமா? 1996 செப்டெம்பர் 14. ஒன்பது மாதக் கெடு முடிவடையும் அதே நாள்.

இது நடக்கக்கூடாது என்று எச்சரித்தவர்கள் இல்லாமலில்லை. அவ்வாண்டு அந்த அமைப்பின் தலைவராக இருந்தவர் சுவிஸ் வெளிவிவகார அமைச்சர் பிளாவியோ கொட்டி. ஜூன் மாதம் தேர்தலுக்கு அவர் ஒப்புதல் வழங்கினார். ஆனால் அதே அறிக்கையில், உரிய நிலைமைகள் உருவாகாவிடில் தீவிர தேசியவாதிகளின் அதிகாரத்துக்குப் போலி ஜனநாயக அங்கீகாரம் வழங்குவதாகவே இது முடியும் என்ற கருத்தையும் சொல்லிவைத்தார். ஒரு கையால் ஒப்பமிட்டு மறு கையால் எச்சரிக்கும் அந்த நிலை, வெளியார் நடத்தும் தேர்தல்களின் இயல்பைச் சுட்டுகிறது. நாள் குறிப்பவர் ஒருவர். பழியைச் சுமப்பவர் வேறொருவர். விளைவோடு வாழ்பவர்கள் மூன்றாமவர்.

பி-2 என்று ஒரு படிவம் இருந்தது. இடம்பெயர்ந்த ஒருவர் 1991 இல் வாழ்ந்த ஊருக்காக வாக்களிக்கலாம். அல்லது இந்தப் படிவத்தை நிரப்பி, இனி வாழ 'எண்ணியிருக்கும்' ஊருக்காக வாக்களிக்கலாம். அகதிகளின் சுதந்திரத்தை மதிக்கும் ஏற்பாடுதான். நடைமுறையில், சேர்பிய அதிகாரிகள் அகதிகளைப் பிர்ச்கோ, ஸ்ரெப்ரெனிட்சா போன்ற நகரங்களின் பெயரில் கூட்டங்கூட்டமாகப் பதிய வைத்தார்கள். சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் 1995 ஜூலையில் கொன்று புதைக்கப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சாவில், கொலைக்குப் பின்னர் குடியேற 'எண்ணியவர்கள்' வாக்காளராகும் வழியைச் சர்வதேசப் படிவம் ஒன்று திறந்துவிட்டது. இனச் சுத்திகரிப்பைத் துப்பாக்கி தொடங்கிவைத்தது. அதை முடித்துவைக்க ஒரு படிவம் போதுமானதாக இருந்தது. மோசடி மிகவும் அப்பட்டமாகிவிடவே, ஓகஸ்ட் இறுதியில் உள்ளூராட்சித் தேர்தலை மாத்திரம் ஒத்திவைத்தார்கள். ஏனைய தேர்தல்கள் குறித்த நாளிலேயே நடந்தன.

அந்த நாட்களில் ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேர்தல் முடிந்து சில நாட்களின் பின்னர் வந்த செய்தி ஒன்றை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தேன். அளிக்கப்பட்ட வாக்குகள், தகுதியுள்ள வாக்காளர் என மதிப்பிடப்பட்ட தொகையை விஞ்சிவிட்டன என்று சர்வதேச நெருக்கடிக் குழு சுட்டிக்காட்டியிருந்தது. எங்கள் ஒப்புநோக்காளர் வடமராட்சியைச் சேர்ந்த மூத்தவர். ஒப்புத்தாளைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இதிலை கணக்குப் பிழைச்சிட்டுதோ? இருக்கிற சனத்தைவிட வாக்குப் போட்ட சனம் கூடவாக் கிடக்குது."

"பிழையில்லை அண்ணை. அங்கை அப்பிடித்தான் நடந்திருக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப வெள்ளைக்காரனும் எங்களிட்டைத்தான் படிச்சிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு ஆசிரியபீடமே சிரித்தது. ஆனால் தேர்தலை நடத்தியவர்கள் கணக்கை வேறுவிதமாகச் சரிசெய்தார்கள். தகுதியுள்ள வாக்காளர் தொகையின் மதிப்பீட்டை உயர்த்தினார்கள். வீதம் நூற்றுக்குள் இறங்கியது. செப்டெம்பர் முடிவதற்குள் தேர்தல் முடிவு சான்றுப்படுத்தப்பட்டது.

வென்றவர்கள் யார்? மூன்று பேர் கொண்ட கூட்டு ஜனாதிபதிப் பதவிக்கு முஸ்லிம்களின் சார்பில் அலியா இசத்பெகோவிச், சேர்பியர்களின் சார்பில் மொம்சிலோ கிராயிஷ்னிக், குரோஷியர்களின் சார்பில் கிரெசிமிர் சுபாக். மூவரும் யுத்தத்தை நடத்திய மூன்று கட்சிகளின் ஆட்கள். கிராயிஷ்னிக்கை 2000 ஏப்ரலில் நேட்டோ துருப்புகள் கைதுசெய்து ஹேக் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. மேன்முறையீட்டின் பின்னர் அவருக்கு 20 ஆண்டுச் சிறை உறுதியானது. அதே தேர்தலில் சேர்பியக் குடியரசின் தலைவராகத் தெரிவான பிலியானா பிளாவ்சிச் 2002 இல் குற்றத்தை ஏற்றுக்கொண்டு 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவதானிகள் மேற்பார்வை செய்து மக்களாணை வழங்கிய இருவர், பின்னர் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்காகச் சிறைசென்றனர்.

மக்கள் அறிவற்றவர்களா? இல்லவே இல்லை. அவர்கள் செய்தது முற்றிலும் அறிவுபூர்வமான செயல். அயலூரில் உன்னைச் சுட்டவன் இன்னும் பொலிஸ் சீருடையில் திரிகிறான். உன் வீட்டில் அவனது உறவினர் குடியிருக்கிறார்கள். இந்நிலையில் வரி, வேலைவாய்ப்பு, பாடசாலை பற்றிப் பேசும் மிதவாதிக்கா வாக்களிப்பாய்? உன்னைக் காப்பேன் என்று உரக்கச் சொல்பவனுக்கே வாக்களிப்பாய். அச்சத்தில் நடத்தப்படும் தேர்தல் அச்சத்தையே எண்ணிக் காட்டும்.

அடுத்து, வெளியார் தாமே பெற்றெடுத்த குழந்தையைத் தாமே திருத்தத் தொடங்கினார்கள். 1997 டிசம்பரில் பொன் நகரில் கூடிய மாநாடு, உயர் பிரதிநிதி என்ற வெளிநாட்டு அதிகாரிக்குச் சட்டங்களை விதிக்கவும் தெரிவுசெய்யப்பட்டவர்களைப் பதவி நீக்கவும் அதிகாரம் வழங்கியது. 1998 செப்டெம்பரில் சேர்பியக் குடியரசில், மேற்குலகம் அப்போது வெளிப்படையாக ஆதரித்த பிளாவ்சிச்சைத் தோற்கடித்துத் தீவிரவாதியான நிகொலா பொப்லாசென் வென்றார். 1999 மார்ச் 5 இல் உயர் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்ரன்டோர்ப் அவரைப் பதவி நீக்கினார். 2004 இல் பாடி ஆஷ்டவுன் ஏறக்குறைய 60 சேர்பிய அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் ஒரே தடவையில் நீக்கினார். அவர்களில் பலர் நீக்கப்படத் தகுதியானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ஒரு வாக்காளன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்? பொறுப்பற்றவனுக்கு வாக்களித்தாலும் கேடில்லை. உண்மையான முடிவை வேறொருவர் எடுப்பார் என்பதைத்தான்.

பொப்லாசென் நீக்கப்பட்டதற்கு ஒரு காரணம், மேற்குலகம் விரும்பிய மிதவாதி ஒருவரைப் பிரதமராக நியமிக்க அவர் மறுத்தது. அந்த மிதவாதியின் பெயர் மிலோராட் டோடிக். ஆம், பின்னாளில் சேர்பியக் குடியரசைப் பிரித்துவிடுவேன் என்று ஓயாமல் முழங்கிய அதே டோடிக்தான்! உயர் பிரதிநிதியின் தீர்மானங்களை மீறியமைக்காக 2025 பெப்ரவரியில் ஓராண்டுச் சிறையும் ஆறாண்டு அரசியல் தடையும் விதிக்கப்பட்டு, ஓகஸ்டில் பதவியிழந்தார். அந்த மண்ணில் வாக்குக் கிடைக்கும் வழி எது என்பதை டோடிக் கண்டுகொண்டார். யாப்பு அந்த வழியை அகலத் திறந்து வைத்திருந்தது.

யாப்பின் நுட்பத்தைக் கவனியுங்கள். கூட்டு ஜனாதிபதிப் பதவியின் சேர்பிய உறுப்பினரைச் சேர்பியக் குடியரசு தெரிவு செய்கிறது. முஸ்லிம் உறுப்பினரையும் குரோஷிய உறுப்பினரையும் கூட்டமைப்புப் பகுதி தெரிவு செய்கிறது. சரயேவோவில் வாழும் சேர்பியர் போட்டியிட முடியாது. ஸ்ரெப்ரெனிட்சாவில் வாழும் முஸ்லிமும் முடியாது. யூதரும் ரோமா இனத்தவரும் நாட்டில் எங்கு வாழ்ந்தாலும் முடியாது. யாக்கோப் பின்சி என்ற யூதரும் டெர்வோ செய்டிச் என்ற ரோமா இனத்தவரும் தொடுத்த வழக்கில், இது பாரபட்சம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பர் 22 இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2010, 2014, 2018, 2022 என நான்கு பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்தன, யாப்பு மாறவில்லை. மொஸ்தார் நகரில் 2008 முதல் 2020 டிசம்பர் வரை உள்ளூராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. எந்த இனத்துக்கு எத்தனை ஆசனம் என்ற இழுபறி அவ்வளவு காலம் நீண்டது. 2022 ஒக்டோபர் 2 இல் வாக்களிப்பு முடிந்த அன்றிரவே உயர் பிரதிநிதி கிறிஸ்டியன் ஷ்மிட் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, கூட்டமைப்பின் இனங்கள் சபையை 58 ஆசனங்களிலிருந்து 80 ஆக்கினார். ஆட்டம் முடிந்த பின்னர் விதியை மாற்றும் நடுவரை எங்கள் ஊர்ச் சிறுவர்கள்கூட மைதானத்தை விட்டுத் துரத்துவார்கள்.

இவ்வளவும் எழுதுவதால், வெளியார் கைகட்டி நின்றிருக்க வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் காலந்தாழ்த்தியேனும் வந்ததால்தான் யுத்தம் நின்றது. ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன். யுத்தத்துக்குப் பின்னர் வாகனத்தின் இலக்கத் தகடே ஓட்டுநரின் இனத்தைக் காட்டிக் கொடுத்தது. எல்லை தாண்டிச் செல்ல எவரும் துணியவில்லை. 1998 இல் உயர் பிரதிநிதி அலுவலகம் பொதுத் தகடு ஒன்றை அறிமுகம் செய்தது. இலத்தீன், சிரிலிக் ஆகிய இரு நெடுங்கணக்குகளிலும் ஒரே வடிவமுள்ள எழுத்துகளை மாத்திரம் அதில் பயன்படுத்தினார்கள். ஊர் எது, இனம் எது என்று தெரியாது. மக்கள் பயணம் செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தகரத்துண்டு செய்த நன்மையை 1996 தேர்தல் செய்யவில்லை.

பிர்ச்கோவையும் பாருங்கள். இரு தரப்பும் உரிமை கோரிய அந்நகரை 1999 இல் நடுவர் மன்றம் பொது மாவட்டமாக்கியது. முதலில் பொதுப் பொலிஸ், பொது நீதிமன்றம், வீடுகளை உரியவரிடம் மீட்டுக் கொடுத்தல், மூவினப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் படிக்கும் ஏற்பாடு. மாவட்டத்தின் முதலாவது தேர்தல் 2004 இல்தான் நடந்தது. பிர்ச்கோ சொர்க்கபூமி ஆகிவிடவில்லை. ஆனால் ஒழுங்குமுறை தலைகீழாக இருந்ததால் பலனும் வேறாக இருந்தது. சட்டத்தின் ஆட்சியை முதலில் நிலைநாட்டியிருக்க வேண்டும் என்று ஆஷ்டவுனே 2002 இல் எழுதினார்.

பொஸ்னியாவின் பாடம் ஈராக்கில் உதவவில்லை. அங்கும் தேர்தலைக் கோரியவர்கள் ஈராக்கியரே. ஷியா மதத் தலைவர் சிஸ்தானி 2003 இலேயே அதை வற்புறுத்தினார். அது நியாயமான கோரிக்கை. ஆனால் இடைக்கால யாப்பு குறித்த கெடு 2005 ஜனவரி 31; தேர்தல் நடந்தது ஜனவரி 30. நாடு முழுவதும் ஒரே தொகுதி. சுன்னி அரபுக்கள் ஒதுங்கி நின்றனர்; அன்பார் மாகாணத்தில் வாக்களித்தோர் சுமார் 2 சதவீதம். மீண்டும் பாதியில் வெளியேறியவர்களை விட்டுவிட்டுத் தொகுத்த சபை. அந்தச் சபையிலிருந்து பிறந்தது யாப்பு. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் சமாராப் பள்ளிவாசல் தகர்க்கப்பட்ட பின்னர் பாக்தாத் வீதிகளில் நடந்ததை உலகமே அறியும்.

நாமும் இதை அறியாதவர்கள் அல்லர். 1988 நவம்பரில் இந்திய அமைதிப்படையின் நிழலில் வடகிழக்கு மாகாணசபைக்குத் தேர்தல் வைக்கப்பட்டது. வடக்கின் 36 ஆசனங்களுக்கும் போட்டியே இருக்கவில்லை. வாக்குச்சீட்டு இல்லாமலேயே உறுப்பினர்கள் தெரிவாகினர். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டபோது அந்தச் சபையும் வாழ்வை முடித்துக்கொண்டது. மாகாணசபை என்ற எண்ணத்தின் நன்மை தீமையை மக்கள் எடைபோடுவதற்கு முன்னரே, அது பிறருடைய பொருள் என்ற முத்திரை அதன்மீது விழுந்துவிட்டது. மூன்று தசாப்தங்கள் கடந்தும் அந்த முத்திரை முற்றாக அழியவில்லை.

எனவே, இனங்கள் பிளவுண்ட நாடொன்றில் வெளியார் துணையுடன் தேர்தல் நடக்கப்போகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். திகதியைக் குறித்தவர் யார், அது யாருடைய வசதிக்கானது? தோற்றவன் அன்றிரவு தன் சொந்த வீட்டில் அச்சமின்றி உறங்க முடியுமா? ஒரு வேட்பாளன் மற்ற இனத்தவரின் வாசலுக்குச் சென்று வாக்குக் கேட்க வேண்டிய தேவையைத் தேர்தல் விதி ஏற்படுத்துகிறதா? இம்மூன்றுக்கும் உவப்பான பதில் இல்லையெனில், வரிசை எவ்வளவு நீளமாயினும், அவதானிகள் எவ்வளவு மகிழ்ந்தாலும், நடப்பது யுத்தக் கணக்கை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கும் வேலைதான்.

வாக்குரிமையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். அதற்காக உயிர் கொடுத்தவர்களை இந்நாட்டிலேயே கண்டவன். அதனால்தான், வெளியேறும் படைகளுக்கு வாயிற்கதவாக அதைப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அவதானிகள் மூன்றாம் நாள் விமானம் ஏறிவிடுவார்கள். வாக்களித்த மூதாட்டி அதே தெருவில், அதே அயலவர்களுக்கு நடுவில், எஞ்சிய நாட்களைக் கழிக்க வேண்டும்.